மேரு எங்கே?

படவரைஞனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தைக் கண்டாலும் அவன் கண் நாலு சாமானைத் தேடும்: வடக்கு எந்தப் பக்கம், அளவுத்திட்டம் என்ன, குறிகளுக்கு விளக்கம் எங்கே, எல்லைக்கோடு எதுவரை. நான் இலங்கை நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் மைப்பேனையோடு இருந்தவன். ஒரு மைலை ஒரு அங்குலமாக்கும் தாள்களில் குளக்கட்டுகளையும் வண்டிப்பாதைகளையும் கோடு பிசகாமல் இழுத்துத்தான் என் பிள்ளைகளைப் படிப்பித்தேன். 1974இல் அனுராதபுரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட வேலை செய்த சிங்கள நண்பர் என்னைச் சைக்கிளில் திசாவாவிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாறைக்கு முன்னால் நிறுத்தினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மல்லி, பார். இதைச் செய்தவனும் எங்கட வேலைக்காரன்தான்."

இசுருமுனிய விகாரைக்குக் கிட்ட, ரன்மசு உயன என்னும் பழைய அரச பூங்காவுக்குள் இருக்கிறது அந்தப் பாறை. அதில் வெட்டிய வட்டம் ஆறு அடி விட்டம் வரும். நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு வளையங்கள். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கோடுகள். சுற்றிலும் கட்டங்கள், உள்ளே சிலுவைக்கோடு போட்ட சின்ன வட்டங்கள், நெளிகோடுகள், குடை போலவும் வில் போலவும் உருவங்கள். எல்லாவற்றையும் வளைத்து விளிம்பில் ஒரு பட்டை, அதில் மீனும் ஆமையுமாக நீர்வாழ் உயிர்கள். எதிரே குகைப்பாறையில் நாலு இருக்கைகள் செதுக்கியிருக்கிறார்கள். சிங்களத்தில் இதன் பெயர் சக்வல சக்கரய. சக்கரவாளச் சக்கரம்.

என் நாலு சாமானையும் தேடினேன். வடக்குக் குறி இல்லை. அளவுத்திட்டம் இல்லை. குறிவிளக்கமும் இல்லை. எல்லைக்கோடு மட்டும் அழுத்தமாக இருந்தது. எங்கள் தொழிலில் எல்லையைத்தான் முதலில் போடுவோம், பிறகே உள்ளே இறங்குவோம். உளி பிடித்த அந்த மனிதனும் அப்படித்தான் தொடங்கியிருப்பான் என்று பட்டது. குனிந்து பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் வரைந்துகொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்தப் பாறையை ஆய்வுலகுக்குச் சொன்னவர் எச். சி. பி. பெல். 1890 முதல் 1912 வரை இலங்கையின் முதலாவது தொல்லியல் ஆணையாளராக இருந்தவர். இதை ஒரு பழைய உலகப் படம் என்றே அவர் வாசித்தார். உலகத்தின் மிகப் பழைய படமாகக்கூட இருக்கலாம் என்று எழுதினார். பௌத்த மடங்களில் தொடர்ந்து வந்த அண்டவியல் படிப்பின் அடையாளமாக அதைக் கண்டார். ஒரு படவரைஞனாக எனக்கும் அந்த வாசிப்பே பொருந்துகிறது. காரணம், இந்தப் படத்துக்கு இல்லாத அளவுத்திட்டம் அதே ஊரில், சில மைல் தூரத்துக்குள், ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் இருந்துகொண்டு புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம்தான் அது. ஒரு சக்கரவாளத்தின் அகலம் 12,03,450 யோசனை என்கிறது அந்த நூல். சுற்றளவு 36,10,350 யோசனை. இந்த இரண்டு இலக்கங்களையும் முதன்முதலில் பார்த்தபோது நான் செய்த வேலை வகுத்துப் பார்த்ததுதான். மிச்சமில்லாமல் 3 வந்தது. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தின் மூன்று மடங்கு என்று எடுத்துக்கொண்ட ஒரு கணக்குப்பிள்ளையின் கை அங்கே தெரிகிறது. நடுவில் மேரு, கடலுக்கு மேலே 84,000 யோசனை, கீழேயும் அவ்வளவு. அதைச் சுற்றி யுகந்தரம் முதல் அஸ்ஸகண்ணம் வரை ஏழு மலை வளையங்கள், ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி உயரம். அதற்கு வெளியே பெருங்கடல். அதில் நாலு திசையில் நாலு பெருந்தீவுகள், நாம் இருப்பது தெற்கிலுள்ள சம்புத்தீவு. கடலில் திமி, திமிங்கலம் என்னும் மகா மீன்கள். கடைசியில் எல்லாவற்றையும் வேலி போல அடைக்கும் சக்கரவாள மலை. ஏழு வளையமும் மீன்பட்டையும் எல்லைக்கோடும் பாறையில் இருக்கின்றன. இந்தக் கணக்குகளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கல் வாய்திறந்து பேசும்.

சக்கரவாளம் என்ற சொல் எனக்குப் பாளியில் இருந்து வரவில்லை. அராலியில் பிறந்து வட்டுக்கோட்டையில் படித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் வாத்தியார் மணிமேகலையின் ஆறாவது காதையை ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. புகார் நகரத்தார் சுடுகாட்டுக் கோட்டம் என்று சொல்லும் இடத்தை மணிமேகலா தெய்வம் சக்கரவாளக் கோட்டம் என்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று சுதமதி கேட்கிறாள். அதற்குப் பதிலாக வருகிறது ஒரு தாயின் கதை.

சார்ங்கலன் என்ற பார்ப்பனச் சிறுவன் இரவில் அந்தச் சுடுகாட்டுக்குள் போய், அங்கே ஒரு பேய் ஆடக் கண்டு பயந்து செத்துப்போகிறான். தாய் கோதமை நகர்த் தெய்வமான சம்பாபதியைக் கூப்பிட்டு, என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் தா என்கிறாள். போன உயிர் வினைவழி போனது, ஒருவர் உயிருக்கு இன்னொருவர் உயிரைக் கொடுக்கலாமென்றால் அரசர்களுக்குச் சுடுகாட்டில் இத்தனை கோட்டங்கள் எழும்பியிருக்குமா என்று தெய்வம் கேட்கிறது. தாய் விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறையில் இருக்கிறதே என்கிறாள். அப்போது சம்பாபதி செய்தது என்னைச் சிறுவயதிலேயே உலுக்கியது. சக்கரவாளத்தில் உள்ள அத்தனை பேரையும் அவள் அழைக்கிறாள். நாலு வகை அரூபப் பிரமர், பதினாறு வகை உரூபப் பிரமர், ஆறு வகைத் தேவர்கள், சூரியன், சந்திரன், அசுரர், நரகர், நட்சத்திரங்கள், கோள்கள் எல்லாம் வந்து அந்தத் தாயின் முன் நிற்கின்றன. உங்களில் யாராவது இந்தப் பிள்ளையை எழுப்ப முடியுமா? முடியாது என்கிறார்கள் எல்லாரும். அந்தக் கூட்டத்தின் நினைவாகத் தெய்வத்தச்சன் மயன் மேருவையும் ஏழு குன்றங்களையும் நாலு தீவுகளையும் இரண்டாயிரம் சிறு தீவுகளையும் அங்கே வாழும் உயிர்களையும் அப்படியே வடித்து வைத்தான். அதனால் அது சக்கரவாளக் கோட்டம் ஆயிற்று.

அனுராதபுரத்துப் பாறை முன்னால் நின்றபோது எனக்கு வந்த நினைவு இதுதான். ஒரே உலகத்தைத் தமிழ் சொல்லில் வடித்தது, அங்கே கல்லில் வடித்திருக்கிறார்கள். நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாறையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கிசாகோதமி என்ற தாய் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் போன கதையைத் தன் அம்மா சொல்லி அழுவார் என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் இருந்து என் பேரன் ஒரு காணொளி அனுப்பினான். அதே பாறை. மேலே நீல வெளிச்சம் போட்டு, அந்த வட்டம் ஒரு விண்வெளி வாசல் என்றும், குறிகள் அதைத் திறக்கும் சங்கேத எழுத்து என்றும், தேவர்கள் என்று பௌத்தர் சொன்னதெல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் என்றும் ஒரு குரல் சொன்னது. எகிப்தின் அபு குராப்பும் பெருவின் ஹாயு மார்க்கா பாறைக் கதவும் பக்கத்தில் வந்து போயின. "அப்பப்பா, நீங்கள் இதைக் கண்டனீங்களாம், அப்பா சொன்னவர். உண்மையாவே ஏலியன்ட வாசலோ?" என்று கேட்டிருந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனதாரக் கேட்ட கேள்வி. அவனுக்குப் பதில் எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையாக நீண்டது.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததில்லை. அதன் வேர் என் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அதன் தலைவர் டானியல் பூர், புராணங்கள் சொல்லும் மேருவும் ஏழு கடலும் பொய் என்று காட்ட வானியலைக் கையில் எடுத்தார். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்குச் சொன்னது, பூர் வேறு கணக்குச் சொன்னார். அன்றிரவு சனம் முற்றத்தில் இறங்கிப் பார்த்தது, பூரின் கணக்கே சரிவந்தது. உங்கள் மேரு எங்கே, பூமியைச் சுற்றிக் கப்பல் ஓடியவன் அதைக் கண்டானா என்ற கேள்வி அதன்பின் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் நெடுங்காலம் நின்றது.

அதே கேள்வி தெற்கே பௌத்தர்களிடமும் போனது. 1873 ஓகஸ்ட் 26இலும் 28இலும் பாணந்துறையில் நடந்த பெரும் விவாதத்தில் கிறிஸ்தவத் தரப்பு மேருவைப் பிடித்துக்கொண்டது. இத்தனை ஆயிரம் யோசனை உயரமான மலை கண்ணுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? மீகெட்டுவத்தே குணானந்த தேரர் சளைக்கவில்லை. நியூட்டனை மறுத்து மொரிசன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலை எடுத்துக்காட்டி, உங்கள் விஞ்ஞானமே இன்னும் முடிவாகவில்லை என்றார். கூட்டம் அவர் பக்கம் ஆரவாரித்தது. ஆனாலும் ஒரு விஷயம் அன்றோடு மாறிவிட்டது. மேரு எங்கே என்பதற்கு இடத்தைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டன. பூமியில் இடம் இல்லை என்றால் வேறு எங்கே? அடுத்த நூறு வருடத்துப் பதில்கள் எல்லாம் மேலே, வானத்தைப் பார்த்தே போயின.

பாணந்துறை விவாதத்தின் ஆங்கிலப் பதிப்பை வாசித்த பிரமஞான சபைத் தலைவர் கேணல் ஒல்கொட், பிளவாட்ஸ்கி அம்மையாரோடு 1880இல் காலியில் வந்திறங்கிப் பஞ்சசீலம் எடுத்தார். பிறகு அவரோடு வந்து சேர்ந்தவர்களில் சார்ள்ஸ் லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயரும் ஒருவர். 1886இல் கொழும்பில் தொடங்கிய, பின்னாளில் ஆனந்தாக் கல்லூரி ஆன பள்ளிக்கூடத்தின் முதல் அதிபர் அவர்தான். அதே லெட்பீட்டரும் அன்னி பெசன்ட்டும் சேர்ந்து எழுதி 1913இல் சென்னை அடையாற்றில் வெளியிட்ட நூல் ஒன்றில், சனற்குமாரரும் அவர் கூட்டத்தாரும் வெள்ளிக் கிரகத்தில் இருந்து நெருப்பு சூழ்ந்த தேரில் பூமிக்கு இறங்கியதாக ஒரு காட்சி வருகிறது. இந்தச் சனற்குமாரர் யார்? நம் புராணங்களில் பிரமனின் புதல்வர். பாளிச் சுத்தங்களில், அதாவது புத்தரின் போதனைகளில், சனங்குமார பிரமா, தீக நிகாயத்தில் தேவசபைக்கு வந்து பேசுபவர். தேவர் கிரகவாசியாக மாறிய இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொன்னால் நான் இந்த நூலைத்தான் காட்டுவேன்.

அதன்பின் பாதை நேரானது. 1930களில் கலிபோர்னியாவில் 'திபெத்தின் அரச சங்கம்' என்று பெயர் வைத்து ஞானம் போதித்த ஜோர்ஜ் அடம்ஸ்கி, 1952 நவம்பர் 20இல் பாலைவனத்தில் வெள்ளிக் கிரகவாசியைச் சந்தித்தேன் என்றார். பறக்கும் தட்டு என்ற சொல் பிறந்து அப்போது ஐந்து வருடம். 1968இல் எரிக் வொன் டானிக்கனின் நூல் வந்தது. பழங்காலத்துத் தேவர்கள் எல்லாம் விண்வெளி வீரர்கள் என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. தாய்லாந்தின் நக்கோன் சவன் மாகாணத்தில் காவ் கலா என்ற குன்றில், புத்தர் சிலையடியில் தியானம் இருந்து வேற்றுக்கிரகவாசிகளோடு பேசுகிறோம் என்ற ஒரு குழுவும் வளர்ந்தது. வரப்போகும் பேரழிவில் இருந்து அவர்கள் நம்மைக் காக்க வருகிறார்கள் என்பது அந்தக் குழுவின் நம்பிக்கை.

இவற்றுக்கு நடுவில் நிதானமான ஒரு குரலும் இருந்தது. பேராதனையில் மெய்யியல் பேராசிரியராக இருந்து 1970இல் மறைந்த கே. என். ஜயதிலக்க, அங்குத்தர நிகாயத்தின் ஒரு சுத்தத்தை எடுத்துக் காட்டினார். புத்தரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று ஆனந்தர் கேட்க, ஆயிரம் சூரியன், ஆயிரம் சந்திரன், ஆயிரம் மேரு கொண்ட ஓர் உலகத் தொகுதியைப் புத்தர் விவரிக்கிறார். அதுபோல ஆயிரம் சேர்ந்தால் நடுத்தொகுதி, பத்து லட்சம் உலகம். அதுவும் ஆயிரம் சேர்ந்தால் பெருந்தொகுதி, நூறு கோடி. இதை இன்றைய அண்டங்களோடு ஒப்பிடலாம் என்றார் ஜயதிலக்க. நான் அதை மதிக்கிறேன். வேறு உலகங்கள் உண்டு, அங்கே உயிர்களும் உண்டு என்று அந்தப் பழைய மனிதர்கள் கூச்சமில்லாமல் நினைத்தார்கள். பேரனுக்கு நான் எழுதிய முதல் வரியும் அதுதான்: வெளியே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதில் பிழையில்லை, உன் பாட்டன்மாரும் கேட்டார்கள்.

பிழை எங்கே வருகிறது என்றால், தேவரைக் கிரகவாசி ஆக்கும்போது அவர் எதற்காகக் கதைக்குள் வந்தாரோ அது கைநழுவிப் போகிறது. வேற்றுக்கிரகக் கதை சொல்பவர்கள் விரும்பி எடுக்கும் பகுதி அக்கஞ்ஞ சுத்தம். ஆபஸ்ஸர உலகத்தில் தம் ஒளியிலே தாம் மிதந்த உயிர்கள் பூமிக்கு இறங்கி, மண்ணின் சாரத்தை விரலால் தொட்டுச் சுவைத்து, ஒளி இழந்து, உடல் தடித்து மனிதராயின என்று வருகிறது. விண்ணில் இருந்து வந்தோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்கிறார்கள். ஆனால் அந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது? வாசெட்டர், பாரத்துவாசர் என்ற இரண்டு பார்ப்பன இளைஞருக்கு. குலத்தை விட்டுத் துறவிகளோடு சேர்ந்ததற்காகச் சொந்தச் சாதியார் அவர்களை ஏசினார்கள். பிரமனின் வாயில் பிறந்தவர்கள் நாங்கள் என்ற அந்தப் பெருமைக்குப் பதிலாகவே, எல்லாரும் ஒரே இடத்தில் இருந்துதான் வந்தோம், தொழிலால் பிரிந்தோம் என்று புத்தர் சொல்கிறார். சுத்தத்தின் முடிவில் சனங்குமார பிரமாவின் வாக்கு ஒன்று வருகிறது. குலத்தைப் பார்ப்பவருக்குச் சத்திரியன் பெரியவனாக இருக்கலாம், ஆனால் அறிவும் ஒழுக்கமும் நிறைந்தவனே தேவரிலும் மனிதரிலும் உயர்ந்தவன் என்பது அதன் பொருள். அதே சனங்குமாரரைத்தான் மனிதரை மூல இனங்களாகப் படிவரிசையில் அடுக்கிய ஒரு போதனைக்குத் தலைவராக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் சாதி பார்த்துத் தேநீர்க்கடையில் குவளை பிரித்து வைத்த காலத்தைக் கண்ணால் கண்டவன் நான். அந்தச் சுத்தத்தில் எது பெரிய விஷயம், வானத்தில் இருந்து இறங்கியதா, இறங்கிய பிறகு எல்லாரும் சமம் என்பதா என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, தேவர்களுக்குச் சாவு உண்டு. சாதுர்மகாராசிக உலகத்தில் நமது ஐம்பது வருடம் அவர்களுக்கு ஒரு நாள், அந்தக் கணக்கில் ஐந்நூறு வருடம் அவர்கள் ஆயுள். நம் கணக்கில் 90 லட்சம் வருடம். முப்பத்து மூவர் உலகத்தில் 3 கோடியே 60 லட்சம். அதன் முடிவில் சூடிய மாலை வாடும், உடை அழுக்காகும், அக்குள் வியர்க்கும், உடலின் நிறம் மங்கும், இருந்த இருக்கை பிடிக்காமல் போகும். இவ்வளவு நீண்ட ஆயுளைக் கணக்கிட்டு வைத்ததே அதற்கும் முடிவு உண்டு என்று சொல்லத்தான். நம்மைக் காக்க வரும் வல்லவர்களாக அந்த நூல்கள் தேவரைக் காட்டவில்லை. நள்ளிரவில் புத்தர் தங்கியிருந்த ஜேதவனம் முழுக்க ஒளிவீசிக்கொண்டு வரும் தேவன்கூட, வந்து ஒரு பக்கமாக நின்று புத்தரிடம் கேள்வி கேட்கிறான்.

ஆகவே பேரனுக்கு இப்படி எழுதி முடித்தேன். அந்தப் பாறை வாசல் இல்லை மகனே, அது படம். வாசல் என்று நினைப்பவன் யாராவது அதைத் திறந்துகொண்டு வந்து நம்மைக் கூட்டிப்போவார்கள் என்று காத்திருப்பான். படம் என்று தெரிந்தவன் தான் எங்கே நிற்கிறேன் என்று அதில் தேடுவான். உளியைப் பிடித்தவன் நம்மைப் போல கையும் கண்ணும் உள்ள மனிதன். மூன்றால் பெருக்கிச் சுற்றளவு போட்ட கணக்கனின் ஊர்க்காரன். அவன் வேலையை வேறு கிரகத்தானுக்கு எழுதிக் கொடுக்காதே.

வாசிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அனுராதபுரம் போனால் அந்தப் பாறையைப் பாருங்கள். கல்லைத் தொடாமல், கோட்டின் மேல் சுண்ணக்கட்டி பூசாமல், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். போகுமுன் மணிமேகலையின் ஆறாவது காதையை ஒருமுறை வாசித்துக்கொண்டு போங்கள். சக்கரவாளத்துத் தேவர்கள் எல்லாரும் கூடி வந்தும் ஒரு தாயிடம் பொய் சொல்லாமல் எங்களால் முடியாது என்று சொன்ன காதை அது.